தம்பி சும்மா இருக்கான்

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அப்பாவோட கால் வீக்கம் வடிஞ்சுதா?

தம்பி படிப்பையும் விட்டுட்டு, வேலைக்கும் போகாம சும்மா இருக்கான்னு எழுதியிருந்தே. அவனை நல்லா திட்டி எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். ஆனா நேத்து எங்க கிடங்குல பெட்டி வர்ற பெல்ட் நின்னுபோச்சு. பயப்படாதே, யாருக்கும் அடியில்ல. "சும்மா உட்காராதீங்க, முதலாளி வர்றார்"னு சூப்பர்வைசர் கத்தினார். காலிப் பெட்டியையெல்லாம் இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவருக்கு மாத்தி அடுக்கினோம். முதலாளி வரல. திரும்ப இங்கேயே கொண்டுவந்து அடுக்கினோம். அதுக்குப் பேரு வேலையாம்.

அப்பாவைக் குளிப்பாட்டி, கைத்தாங்கலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவன் சும்மா இருக்கானாம். எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. ஆனா நாளைக்கு அவனுக்குன்னு என்ன இருக்கும்னு நினைக்காமலும் இருக்க முடியல. திட்டறதா வேண்டாமான்னே தெரியல.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. அவனை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு. என்னடா விஷயம்னு கேட்டா, "சும்மாதான்க்கா"ம்பான். இங்க யாரும் என்னைச் சும்மா கூப்பிடறதில்ல.

பஸ் வந்துடுச்சு.

உன் பெரியவ