தலைவர் வீட்டு மேசையில் ஒரு கிண்ணம்

அன்பு மகன் கைமிங்குக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்படித்தான் எழுத வேண்டும் என்பது உன் அம்மாவின் உத்தரவு. போனில் பேசினால் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். கடல் கடந்து நீ போயிருக்கும் லுசாகாவில் பாலம் வேலை எந்த அளவில் இருக்கிறது? தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

போன வாரம் உன் அம்மாவை, நம் நாட்டுப் புரட்சித் தலைவர் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்களே, அங்கே அழைத்துப் போனேன். பக்கத்து மாவட்டம்தான். இத்தனை வருடம் நினைக்காதவள், இப்போதே பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மண் சுவர், தாமரைக் குளம், அடுப்புக்கு மேலே இறைச்சியைப் புகையில் தொங்கவிடும் கொக்கி, எல்லாம் நம் வீடு மாதிரியே. பலகையில் எழுதியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். படிகளில் என் கையை விடவே இல்லை. கல்யாணத்தன்று கூட அவள் இப்படிப் பிடித்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டித் தடவினாள். ஓர் இடம் காலி. உடனே பையிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன கிண்ணத்தையும் குச்சிகளையும் எடுத்து அங்கே வைத்துவிட்டாள். காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து, "பெரியம்மா, எடுங்க அதை. இங்க இருந்தது உடைஞ்சுபோச்சு, வேற வரும்" என்றாள்.

உன் அம்மா விடவில்லை. "வெளியூர் போன பிள்ளைக்குக் கிண்ணம் வைக்காத வீடு உண்டா? வசந்த விழா புதுவருஷ விருந்துல உங்க வீட்டுல வைக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண், "எங்க அண்ணன் வேலைக்காகக் குவாங்சோவுல இருக்கான். எங்கம்மாவும் வைப்பாங்க" என்று சொல்லி, கிண்ணத்தை எடுத்து உன் அம்மாவின் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "கைமிங் அப்பா, அந்த வீட்டைப் பார்க்க ஊர் உலகமே வருது. தலைவரோட அம்மா பார்க்க நினைச்சது ஒரே ஒரு முகமாத்தான் இருக்கும்."

அவள் கண்ணைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே நான் எழுதவில்லை. மருத்துவமனைக்குப் போனதையும் எழுதவில்லை. அடுத்த வசந்த விழா வரை பார்வை தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் எழுதவில்லை.

வேலையை முடித்துவிட்டு வா என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. நல்லபடியாக இரு, மகனே. வரும்போது பகல் பஸ்ஸில் வா. வெளிச்சத்தில் வந்து இறங்கு.

உன் அப்பா,
லுவோ பெய்ஷெங்