நடுச்சட்டத்தில் முட்டும் சுவர்

இஞ்சாரும், முதலில் நிரல்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எழுத்து எங்கோ போய்விடும்.

1. ஹோலுக்குள் சுவர் ஏன் வேண்டியிருக்கிறது.
2. அது ஏன் யன்னலுக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறது.
3. நீர் இருந்திருந்தால் அதை யன்னலில் முட்ட விட்டிருக்கமாட்டீர்.

வீடு முழுவதும் ஈரச் சீமெந்து மணக்கிறது. காலையிலிருந்து எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்வது, சுவர் அங்கேயேதான் நிற்கிறது.

மகள் வவுனியாவிலிருந்து வேலை மாற்றலாகிப் புதுக்குடியிருப்புக்கே வந்துவிட்டாள். இனி என்னோடுதான். இருக்கும் ஒரே அறையைத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஹோலில் துணியொன்றைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நின்று உடுப்பு மாற்றுகிறாள். இந்த வயதில் அவளுக்கு ஒரு கதவாவது வேண்டாமா?

ஹோலைச் சரிபாதியாக்கினால் சுவர் நேரே உம்முடைய யன்னலின் நடுச்சட்டத்துக்கு வருகிறது. இந்தப் பக்கம் தள்ளினால் அவளுடைய கட்டில் கொள்ளாது. அந்தப் பக்கம் தள்ளினால் என் அறைக் கதவு திறபடாது. எத்தனை தரம் அளந்தாலும் அதே கணக்குத்தான்.

மேசன் கல் வைத்துக்கொண்டே வந்தார். ஓர் அடி மிச்சமிருக்கும்போது “கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.

“ஐயா, சுவர் பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி எட்டத்தில நிண்டு பாக்குது. முட்டச் சொல்லுறியளோ, இல்லையோ?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

அந்த நாளை இன்னும் வரவில்லை.

இந்த வீட்டைக் கட்டும்போது யன்னலுக்கு இரண்டு கதவு போதும் என்று நான் அளவுநாடாவோடு நின்றேன். “நீங்கள் அளந்து முடிய மரம் உளுத்துப்போம்” என்றீர். பிறகு தச்சரிடம், “நாலு கதவு வையுங்கோ. இவ்வளவு நாளும் அரை யன்னலோட இருந்தது காணும்.” அதற்குப் பிறகு நீர் உட்காரும் கதிரை அந்த நடுச்சட்டத்துக்கு நேரேதான் கிடந்தது. நான் சைக்கிளோடு வந்து படலையைத் திறக்கும்போதே உள்ளிருந்து குரல் வரும்: “இண்டைக்கும் சங்கிலி கழண்டதோ?”

அந்தக் கதிரை கிடந்த இடத்தில் எப்படிக் கல் வைக்கச் சொல்வேன்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணியை வைத்துவிட்டு மகள் போகாமல் நின்றாள்.

“அப்பா, நான் இருக்கிறது உங்களுக்கு இடைஞ்சலெண்டால் சொல்லுங்கோ. வவுனியாவுக்கே திரும்பிப் போறன்.”

“ஐயோ, அப்பிடியில்லைப் பிள்ளை. அது அம்மாவின்ர யன்னல். அரை யன்னலோட இருந்தது காணுமெண்டு சொன்னவா.”

“அந்த அரை யன்னலை ஆக்கினது ஆர்?”

அவளே சொன்னாள்.

இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் நாங்களும் உம்முடைய தங்கை குடும்பமும் இருந்த தகரக் கொட்டில். இரண்டு குடும்பத்துக்கும் இருந்தது ஒரே யன்னல். நடுவே சீலை கட்டியபோது, யன்னல் முழுவதும் எங்கள் பக்கம் விழுந்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள் தங்கை. நீர் கயிற்றை அவிழ்த்து யன்னலின் நடுச்சட்டத்தில் கட்டினீர். “அவையளும் மூச்சு விடத்தானே வேணும்.” பிறகு அந்த மாரி முழுவதும் காற்றில்லை, வெளிச்சமில்லை என்று முணுமுணுத்தீர். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

எனக்கு முணுமுணுப்பு மட்டுமே ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

மேசனை வரச் சொல்லிவிட்டேன். சட்டத்தைவிடச் சுவர் தடிப்பு. ஆகவே கடைசி ஓர் அடிக்குக் கல் வேண்டாம், சட்டத்தின் அளவுக்குப் பலகை அடிக்கலாம் என்கிறார். படலை தெரிகிற பாதியை மகளுக்கு விட்டிருக்கிறேன். இப்போதும் எழுந்து எழுந்துதான் போகிறேன், உம்முடைய கதிரையை எந்தப் பக்கம் போடுவதென்று பார்க்க.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.