ஏழுமலையின் ரத்தத்தில் இல்லாதது

என் கண்ணு, மாப்ளே ஏழுமலை,

நீ ஓட்டிவந்த பஸ் மாகறல் வளைவில் புளியமரத்தில் மோதி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. குறுக்கே வந்த எருமைக்காகத் திருப்பினாய், அதோடு போய்விட்டாய். நேற்று செங்கல்பட்டு கோர்ட்டில் உன் நஷ்டஈடு கேஸில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மேல் சாராய வாடை அடித்தது என்று ஊரெல்லாம் பேச்சு. கோயில் பானகத்தையே மோந்து பார்த்துக் குடிக்கிறவன் நீ! ஆனால் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் உன் முகத்தருகே குனிந்தபோது எனக்கும் அந்த வாடை வந்ததே மாப்ளே. யாரிடம் கேட்பேன்?

பஸ் முதலாளி உன் பெண்டாட்டி கன்னியம்மா முகத்துக்கு நேரே, "குடிச்சிட்டு ஓட்டி வண்டிய நாசம் பண்ணான், உங்களுக்கு நஷ்டஈடு வேறயா?" என்றார். பஸ்ஸில் கால் ஒடிந்த பெண்ணின் அண்ணன் உன் வாசலில் நின்று, "குடிகாரன் பொண்டாட்டி, வெளிய வாடி" என்று கத்தினான். அன்றிலிருந்து அவள் தெருக்குழாய்ப் பக்கம்கூடப் போகவில்லை. "அவுரு ரத்தம் சொல்லட்டும் மாமா, அப்பறம் நான் வெளிய வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் ரத்தத்தையும் இரைப்பையில் இருந்ததையும் தனித்தனிப் பாட்டிலில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து மெட்ராஸ் லேபுக்கு அனுப்பினார்கள். அந்த யோசனையே என்னுடையது. "ரெண்டையும் கலந்துடாதீங்க சார்" என்றேன். டாக்டர் என்னையும் ஒரு டாக்டர் என்று நினைத்து எழுந்து நாற்காலி போட்டார். ஆறாங்கிளாஸ் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்று கோர்ட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். லேபிலிருந்து வந்திருந்த அம்மா கூண்டில் ஏறினார். முதலாளியின் வக்கீல் கேட்டார்: "இரைப்பையில் சாராயம் இருந்ததா?"

"இருந்தது."

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கன்னியம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. "இன்னா மாமா சொல்றாங்க?" என்றாள். ஊரையே பேசிக் கவிழ்க்கிற நான் நம் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

நம் வக்கீல் எழுந்தார். "ரத்தத்தில்?"

அந்த அம்மா முதலில் தண்ணீர் குடித்தார். எவ்வளவு நேரம் குடித்தார்! செய்யாறே வற்றியிருக்கும்.

"ரத்தத்தில் துளிகூட இல்லை. குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும். கலப்பதற்கே இதற்கு நேரம் கிடைக்கவில்லை. உயிர் போகும் தறுவாயில்தான் உள்ளே போயிருக்க வேண்டும்."

"அப்படியானால் ஊற்றியது யார்?" என்றார் ஜட்ஜ்.

பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்தான். மாகறல் கோவிந்தன், கூலி வேலை செய்கிறவன். நொறுங்கிய பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கியவன் அவன்தான் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் அவன் வாய் திறந்ததில்லை.

"நான்தான் ஊத்தனேன் சாமி. எங்கூர்ல அடிபட்டா அதாங்க மருந்து. காயத்து மேல கொஞ்சம், வாயில கொஞ்சம். மயக்கம் தெளியும்னு ஊத்தனேன், உயிரு பூட்ச்சி. என்னாலதான் செத்தாருன்னு புடிச்சிக்கினு பூடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"அடப்பாவி, இத்தினி நாளா இன்னாடா பண்ணிக்கினு இருந்தே?" என்று எகிறினேன். கோர்ட் டவாலி ஒருத்தர் என் தோளை அமுக்கி உட்காரவைத்தார். ஊரில் எட்டு போலீஸ் சேர்ந்து அமுக்கினார்கள் என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுக்காதே.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் வெளியே வரும்போது, உன் வாசலில் கத்தினானே அந்த அண்ணன், கன்னியம்மாவைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டான். அவள் நிமிர்ந்து நடந்தாள் மாப்ளே.

கோவிந்தன் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். ரெண்டு அறை விடலாம் என்றுதான் போனேன். எனக்கு முன்னால் அவள் போய் நின்றாள்.

"அவுரு முழுங்கனாரா?"

"ஒரு வாய் முழுங்கனாரும்மா. கண்ணத் தொறந்து தண்ணி கேட்டாரு. எங் கையில அதாம்மா இருந்திச்சி."

அவள் திட்டவில்லை. நான் ஓங்கிய கையும் கீழே வந்துவிட்டது.

தண்ணி கேட்டவனுக்குக் கிடைத்தது அதுவா? தொண்டை எரிந்ததா மாப்ளே? மருந்து என்று நினைத்து முழுங்கினாயா?

உன் வருஷத் திதி வருகிறது. ஆம்பளைக்குப் படைத்தால் இலையோரம் ஒரு பாட்டில் வைக்க வேண்டும் என்று பங்காளிகள் இப்போதே கிளம்பிவிட்டார்கள். எவன் வந்தாலும் விடமாட்டேன். செய்யாற்று மணலில் நானே ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளிந்ததும் ஒரு சொம்பு மொண்டு வருவேன். அதை உன் இலைமுன் கோவிந்தன் கையால் வைக்கச் சொல்கிறாள் கன்னியம்மா. எனக்கு மனசு வரவில்லைதான். ஆனாலும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வா மாப்ளே. இந்தத் தடவை தண்ணிதான்.

உன்னை மடியில் வைத்துக் காது குத்தவைத்த தாய்மாமன்,
எல்லப்பன்