தயிர்ச்சோற்றில் கலந்த மாத்திரை

கோச்சடை, மதுரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆர்த்திகாவும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க மீனாட்சியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை அம்மா. போனில் பேசினால் உன் அண்ணன் சிவபாண்டி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், எனக்கு வரும் மெசேஜையெல்லாம் வாங்கிப் பார்க்கிறான், அதனால்தான் தல்லாகுளம் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம் என்று மட்டும் போனில் சொன்னேன், அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. அவனாகத்தான் வருகிறேன் என்றான். கை நடுங்குகிறது, டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை, காட்ட வேண்டும் என்றான். மனசு சரியில்லாமல் போன இந்த ஒன்பது வருஷத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை, உன் அம்மா புதுச்சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா நல்ல மாதிரி. நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டுக்காரர்களும் கூட நின்றால்தான் குணமாகும் என்று மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். சிவபாண்டி கையை நீட்டிக் காட்டி, "நான் ரெண்டு வருஷமா ஒரு மாத்திரையும் திங்கல டாக்டர், பெறகு ஏன் இம்புட்டு நடுங்குது?" என்று கேட்டான். இது அந்த மாத்திரையால் வரும் நடுக்கமாச்சே என்று டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மாவுக்குத் தாங்கவில்லை, "நாந்தேன் தயிர்ச்சோத்துல பொடிச்சுக் கலந்து குடுத்தேன் சாமி, நீ நல்லாயிருக்கணும்னுதேன்" என்று அங்கேயே அழுதுவிட்டாள். அவன் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டான். டாக்டரம்மா எங்களைக் கோபிக்கவில்லை. இனிமேல் சிவபாண்டிக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்காதீர்கள், எதையும் மறைக்காதீர்கள், நம்பிக்கை திரும்ப நாளாகும் என்றார்.

அன்றிலிருந்து அம்மா கையால் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. தோல் உரிக்காத வாழைப்பழம், அவனே அவித்து உரிக்கும் முட்டை, நீ அனுப்பிய பேரீச்சம்பழ டப்பா, அவ்வளவுதான். சட்டை தோளில் நிற்கவில்லை. மாத்திரை நின்று ஐந்து வாரம் ஆகிறது, கை நடுக்கம் போய்விட்டது, ஆனால் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "நீங்களும் டாக்டரும் பேசி வச்சுக்கிட்டுக் கூப்புடுறீங்க" என்கிறான். குடும்பத்தாருக்கென்று அங்கே புதன்கிழமை நடக்கும் கூட்டத்துக்கு நான் மட்டும் போய்வருகிறேன். ஆளாளுக்குச் சொல்கிறோம், கேட்டுக்கொள்கிறோம், பிறகு அவரவர் வீட்டுக்குத்தானே போகவேண்டியிருக்கிறது. உன் அம்மா இன்னமும் மூன்று வேளையும் அவனுக்குத் தட்டு வைக்கிறாள். சோறு ஆறிப்போனதும் அவன் எதிரிலேயே உட்கார்ந்து அதை அவளே தின்கிறாள், ஒன்றும் கலக்கவில்லை என்று காட்டத்தான். அவன் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "இது பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். உன்னை இன்னும் அப்படித்தான் சொல்கிறான். தயிரில் கலந்தால் கசப்புத் தெரியாது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நர்ஸ் வேலை பார்க்கும் நீதான் என்பது நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை தாயி, அன்றைக்கு அவன் ரோட்டில் கிடந்த கிடைக்கு நமக்கு யாருக்கும் வேறு வழி தெரியவில்லை. அவனிடம், பாப்பாவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப பாப்பா ஒருத்தியாச்சும் இருக்கா" என்றான். போனில் சொன்னால் நம்ப மாட்டேன், மே மாதம் லீவுக்கு வரட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன் என்றும் சொன்னான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு இந்த உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. மறைத்தால் நாம் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறோம். உனக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, டியூட்டி டியூட்டி என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆர்த்திகாவுக்குத் தாத்தாவின் முத்தம். மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம், தபால்காரரிடம் வாங்குவது அவன்தான். படித்ததும் கிழித்துப்போடு, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜபாண்டி