பாண்டி மியூசியத்துக்குப் போன சனிக்கிழமை

7-2-86, வெள்ளி. திண்டிவனம்

காலையில் நல்ல பனி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நாளை ஊரை விட்டு வெளியே போவதைச் சொல்லி வந்தேன். சிலோன்காரி என்பதால் எங்கே போனாலும் இது உண்டு. ஏட்டு, "மியூசியம்தானே, போய்ட்டு வாம்மா" என்றார்.

நாளை காலேஜ் டூர்: திருவக்கரை கல்மரங்கள், பிறகு பாண்டி மியூசியம். சாமான்: ரெக்கார்ட் நோட், குடை, தண்ணீர்ப் போத்தல். செல்வி வீட்டிலிருந்து அவித்த மல்லாட்டை வந்திருக்கிறது; நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். ரூம்மேட்டாக அவள் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

அம்மாவின் கடிதம். எல்லோரும் சுகம். தீபாவளிக்குப் பிறகு அப்பா தன் கையால் எழுதவில்லை. பள்ளிக்கூட வேலை அதிகமாம்.

8-2-86, சனி

எழுத வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று ஆகும்.

திருவக்கரை. வெயில். செம்மண்ணில் கல்லாகிப்போன மரங்கள் விழுந்து கிடந்தன. பாட்டனி மேடம் வளையங்களைக் காட்டி விளக்கினார். படம் வரைந்தேன். பிறகு அம்மன் கோயில். எல்லோரும் பூ வைத்துக்கொண்டோம், நானும்.

கோயில் வாசலில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்ட வந்தாள். ஊரில் எங்கள் ஒழுங்கையில் கடை வைத்திருந்த பரமேஸ் அக்கா. போன மாதம் படகில் வந்து, அகதி முகாமில் இருக்கிறாவாம். கையைப் பிடித்தா.

"அப்பாவின்ர செத்தவீட்டுக்கு உன்னால வர ஏலாமல் போச்சு, என்ன பிள்ளை."

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவவுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டா. நான் கேட்கக் கேட்கச் சொன்னா. மார்கழியில். மண்ணெண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் வந்து விழுந்ததாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டதாம்.

பஸ் ஹார்ன் அடித்தது. ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. எல்லோரும் ஏறினார்கள்.

பாண்டி மியூசியம். வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காரர் கட்டில், பல்லக்கு, உடைந்த ரோமானியச் சாடிகள். ஒவ்வொரு அட்டையையும் வாசித்தேன், ஒன்றும் ஏறவில்லை. ஒரு தாழிக்குள் எலும்புத் துண்டுகள். யாரோ பொறுக்கி, பத்திரமாக வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. காவலாளி வந்து, சாத்துற நேரம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு, கைதட்டல். செல்வி தட்டவில்லை. "இன்னாடி, ஒண்ணுமே துன்னாம குந்திக்கினு இருக்கிற?" என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். என் தலையிலிருந்த பூவை அவளே எடுத்தாள்.

9-2-86, ஞாயிறு

இலங்கைக்குப் போன் என்றால் விழுப்புரம்தான் போக வேண்டும் என்றார்கள். செல்வி கூட வந்தாள். கொழும்பு மாமாவுக்கு ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு பெஞ்சில் இருந்தோம். பக்கத்தில் ஒருவர் துபாயில் இருக்கும் மகனோடு பேச லைனுக்குக் காத்திருந்தார். வெளியே ரயில் சத்தம். பரமேஸ் அக்கா ஆள் மாறிச் சொல்லியிருப்பா என்று ஒரு நேரம். இல்லை என்று ஒரு நேரம்.

மத்தியானம் தாண்டி லைன் கிடைத்தது. மாமா உற்சாகமாகத்தான் கதைத்தார். எல்லோரும் சுகம், அப்பாவும் சுகம், நீ சோதனைக்குப் படிக்கிறதைக் கவனி என்றார்.

"மாமா, கொள்ளி வைத்தது யார்?"

இரைச்சலுக்குள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான்தான் பிள்ளை," என்றார். பிறகு, "உனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நீ படிச்சு முடிப்பாய் எண்டதுதான் இப்ப அவவுக்கு இருக்கிற ஒரே பிடி."

சரி என்றேன்.

செல்வி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கித் தந்தாள். லீவுக்கு அவள் ஊருக்கே வந்துவிடச் சொன்னாள். "எங்கம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நீ பாட்டுக்கு அழு."

11-2-86, செவ்வாய்

மேகமூட்டம். வகுப்புக்குப் போனேன். மேடம் என் கல்மரப் படத்தைப் பாராட்டினார்.

மாலை அம்மாவுக்கு எழுதினேன். டூர் நன்றாக இருந்தது, மரம் எப்படிக் கல்லாகும், பாண்டியில் கடல் நம் கடல் மாதிரியே என்றெல்லாம். கடைசியில், அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று.