இரண்டு மணித்தியாலம்

மே 5, திங்கள்
கச்சான் காற்று. பஸ்ஸில் முகமெல்லாம் புழுதி.

லாப்பில் மாதக் கூட்டம். என்னோடு ஆராய்ச்சி செய்யும் நிஸ்பர் நானா எழும்பி, என்னுடைய இருபது நிமிடத்தைத் தன்னுடையது என்று சொன்னார். சூரியக்கலத்துக்குப் பூசும் பிளாஸ்டிக் படலத்தை மூடி போட்டு மெதுவாக உலரவிட்டால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி உட்காரும், மின்சாரம் கூடும். அவசரமாக உலர்ந்தால் தாறுமாறு. இருபது நிமிடம்தான் சரி என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம். எங்கள் பேராசிரியை மேடம் அவரைப் பாராட்டினார்.

வெளியில் பிடித்துக் கேட்டேன். "ஒரே லாப்தானே றிஸ்னா, என்னத்துக்கு இவ்வளவு கதை?"

மேடத்திடம் போகலாம். 'சேர்ந்துதானே செய்தீங்க' என்பார்.

இனி அவன் நி. முழுப் பெயருக்குத் தகுதியில்லை.

மே 6, செவ்வாய்
உம்மா: "என்ன மகள், சோத்த அளைஞ்சிட்டே இருக்காய்?" ஒன்றுமில்லை என்றேன்.

நான் பகலில் ளுஹர் தொழப் போகும்போதுதான் நி. என் ஆய்வுக் கொப்பியைப் புரட்டுவான். இன்று புதுப் பக்கத்தில் எழுதினேன்: 'புதுக் கலவை. மூடி இரண்டு மணித்தியாலம். மிக நல்லது.' சுத்தப் பொய். நாற்பது நிமிடத்துக்கு மேல் நான் போனதே இல்லை. அவ்வளவு நேரம் விட்டால் மூலக்கூறுகள் கட்டி கட்டியாகத் திரண்டு மின்சாரம் சிக்கிக்கொள்ளும் என்றுதான் நினைப்பு. திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போனேன்.

வாங்க: சவர்க்காரம், உம்மாவின் பிரஷர் குளிசை.

மே 8, வியாழன்
நி. காலையிலிருந்து மூடியையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்க்கிறான். பகல் சோறு ருசியாக இருந்தது.

மே 12, திங்கள்
மீற்றரை நானே பார்த்தேன். அவன் செய்த மூன்று கலத் துண்டிலும் மின்சாரம் என்னுடையதை விடக் கூட. எட்டு மாதத்தில் நான் அடுக்காத மூலக்கூறுகளை என் பொய் அடுக்கிவிட்டது.

நி.: "பாத்தீங்களா றிஸ்னா, பொறுமை வேணும்."

பாத்ரூமில் பத்து நிமிடம் அழுதேன்.

மே 13, செவ்வாய்
பேசாமல் இருந்தால் ஆய்வுக் கட்டுரை அவன் பெயரில் வரும். பேசினால் நான் பொய்க்காரி. ஆனால் அவனிடம் ஒரு மணித்தியாலம், ஒன்றரை என்று சோதித்த பக்கமே இல்லை. அந்த இரண்டு மணித்தியாலம் என் கொப்பியில் மட்டும்தான் பிறந்தது.

மே 14, புதன்
மேடத்தின் அறை. நி.யும் தன் முடிவோடு இருந்தான்.

"ஏன் ரெண்டு மணித்தியாலம், நிஸ்பர்? இடையில ஒண்டும் செய்து பாக்கல்லயா?"

"சும்மா ஒரு ஊகம், மேடம்."

கொப்பியை விரித்து வைத்தேன். "ஆறாம் திகதி நான் எழுதினது, மேடம். இவர் களவா பாக்கிறார் எண்டு தெரிஞ்சு, வேணுமெண்டே எழுதின பொய். நான் செய்து பாக்கவே இல்ல."

 மேடம் கொப்பியை மூடினார்.

"அவர் களவெடுத்தார். நீங்க பொய் எழுதினீங்க. உங்கட மத்தப் பக்கங்கள நான் இனி எப்படி நம்புற?"

இருவரின் லாப் கதவுத் திறப்பையும் மேசையில் வைக்கச் சொன்னார். இருபது நிமிடம், இரண்டு மணித்தியாலம், எல்லாவற்றையும் வேறொருவர் முதலிலிருந்து செய்வாராம். கட்டுரையில் எங்கள் இரண்டு பெயரும் வராது.

மே 15, வியாழன்
"கம்பஸுக்குப் போகல்லயா மகள்?"

"லீவு உம்மா."

எட்டு மாதம் போய்விட்டது. அதற்கு இன்னும் அழுகை வரவில்லை. திறப்பை வளையத்திலிருந்து கழற்றும்போது நி. நகத்தை உடைத்துக்கொண்டான். காலையிலிருந்து அதையே நினைத்துப் பார்க்கிறேன். பத்துத் தடவை இருக்கும். அலுக்கவில்லை.