மேகம் மூடிய நாளில் திறந்த நோன்பு

என் அன்பு மச்சானுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஸலாமும் போய்ச் சேரும் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸலாம் போகிற வழியில் ஒரு கடிதம் போகாதா?

இன்று ரமலான் பிறை பதின்மூன்று. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியை உங்கள் மகன் பார்த்துக்கொள்கிறான். தொட்டியத்து லாரி வந்ததும் நல்ல பூவன் தாராக இரண்டு எடுத்து, நோன்பு திறக்கிறவர்களுக்கென்று பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குகிறான். உங்கள் தங்கை ஜுலைகா சுகம். உங்கள் பேரை எடுத்தால் மட்டும் அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

அஸர் தொழுகை முடிந்து நோன்பு திறக்கும் வரையில் நீங்கள் பேசுவீர்களே, அந்த இடம்தான் முந்தாநாள் வரை காலியாக இருந்தது. பன்னிரண்டு ரமலானாக ஒரே ஆளைப் பற்றித்தான் பேசினீர்கள், நபித்தோழர் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி. "மச்சான், வேற ஸஹாபாக்களே கிடைக்கலையா?" என்று நான் கேலி செய்வேன். "இவரை முடிச்சிட்டு அடுத்தவருக்குப் போகலாம்னுதான் பாக்குறேன். முடிய மாட்டேங்குறாரே" என்பீர்கள்.

எப்படி முடியும்? நாயகத்தை (ஸல்) வெட்டிப்போட வாளோடு புறப்பட்ட மனிதர், தங்கை வீட்டில் சில இறைவசனங்களைக் கேட்டு அப்படியே உருகிப்போனார். குர்ஆனை மனப்பாடமாக நெஞ்சில் வைத்திருந்தவர்கள் போரில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தபோது, எல்லாவற்றையும் ஏடாகத் திரட்டியாக வேண்டும் என்று அபூபக்ர் (ரலி) அவர்களை விடாமல் வற்புறுத்தியவர் அவர்தான். ரமலான் இரவில் ஆளுக்கு ஒரு மூலையில் தொழுதுகொண்டிருந்தவர்களை ஒரே இமாமுக்குப் பின்னால் நிறுத்தியவரும் அவர். நம் தெருவில் தறிக்காரரும் தோல் வியாபாரியும் இன்று ஒரே வரிசையில் நின்று தராவீஹ் தொழுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஹிஜ்ரி ஆண்டு போடுகிறோமே, அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவரும் அவர்தானே.

நீங்கள் ஜெருசலேம் கதைக்கு வரும்போதெல்லாம் பாலக்கரை மாதா கோயிலில் மணி அடித்துவிடும். நீங்களும் அதற்காகவே காத்திருந்தது போலப் பேச்சை நிறுத்திச் சிரிப்பீர்கள். "எங்க கோயிலுக்குள்ளேயே தொழுங்கன்னு அந்த ஊர் கிறிஸ்தவங்களே கூப்பிட்டாங்க. நான் தொழுதா, நாளைக்கு என் ஆளுங்க இது எங்க இடம்னு கேப்பாங்கன்னு சொல்லிட்டு வெளியில வந்து தொழுதாரு. ஜெயிச்சவருங்க அவரு!" என்பீர்கள். கேட்கும் எனக்கு ஒவ்வொரு வருஷமும் மேல் சிலிர்க்கும். ஊரையே வென்றவருக்கு நாளைக்கு வரப்போகிறவர்கள் செய்யக்கூடிய அநியாயம்கூடக் கண்ணில் பட்டதென்றால், அது என்ன கண் மச்சான்?

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. போன வருஷத்துக் கார்த்திகை தீபத்தன்று நடந்ததை முழுசாகச் சொல்லியாக வேண்டும். முக்கால்வாசி தெருவுக்குத் தெரியும். மீதிக் கால்வாசி உங்களுக்கும் எனக்கும் ஒரு கடிகாரக்காரருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

பள்ளிவாசல் சுவர்க் கடிகாரம் நாலு நாளாக நின்றிருந்தது. மழை ஈரத்தில் நின்றுவிட்டது என்று இரண்டு தடவை உங்களிடம் சொன்னேன். மண்டி வேலையில் நீங்கள் "பாக்கலாம் மச்சான்" என்று போய்விட்டீர்கள். தெருவில் கைக்கடிகாரம் கட்டியவர்கள் நாலு பேர். நாலும் நாலு விதமாக நேரம் காட்டும். பெரிய பள்ளியில் வேட்டுப் போட்டதும் நான் நகரா முரசை அடிப்பது, நகரா கேட்டுத் தெரு நோன்பு திறப்பது என்று அந்த நாலு நாளும் ஓட்டினோம்.

அன்று வானம் கறுத்துக் கிடந்தது. பாங்கு சொல்லும் மோதினார் ஆயிற்றே, நான் மாடியில் நகராவுக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றேன். டமார் என்று வேட்டு கேட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லி வெளுத்து வாங்கினேன். கீழே கஞ்சிக் கோப்பைகள் உரசும் சத்தம்கூடக் கேட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், உறையூர்ப் பக்கம் மேகம் விலகிச் சூரியன் முழுசாகத் தெரிகிறது! தெருக்கோடி அம்மன் கோயிலில், மழை வந்துவிடுமோ என்று சொக்கப்பனையைச் சீக்கிரமே கொளுத்தி வேட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? அது அவர்கள் திருநாள்.

படியில் உருண்டு வராத குறையாக வந்து, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த உங்கள் காதில் சொன்னேன். "விட்டுடுங்க மச்சான், யாருக்கும் தெரியாது" என்றும் சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினீர்கள்.

"எல்லாரும் கையை நிறுத்துங்க. சூரியன் இன்னும் இருக்கு."

வாய்க்குப் போன கோப்பை வாயிலேயே நின்றது. பெரிய பள்ளி வேட்டு பிறகுதான் கேட்டது. மஃரிப் தொழுததும் அத்தர்கடை ராவுத்தர் எழுந்துவிட்டார். "ஒரு தெரு நோன்பையே பாழாக்கிட்டாரு. மொதல்ல இந்த மோதினாரை மாத்துங்க!" நாலு பேர் ஆமாம் போட்டார்கள். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை பாங்கு சொல்வது. அந்த வேலை போனால் எனக்கு அந்தத் தெருவில் முகமே இல்லை.

நீங்கள் எழுந்தீர்கள். "மோதினார் ரெண்டு தடவை எங்கிட்ட சொன்னாருங்க. நான் கேக்கல. பள்ளிவாசல் பொறுப்பைப் பாக்குற முத்தவல்லி நான்தானே? எங்கேயோ ஈராக்குல ஃபுராத் ஆத்தங்கரையில ஒரு பிராணி இடறி விழுந்தா, பாதையை ஏன் சரி பண்ணலேன்னு அல்லாஹ் என்னைக் கேப்பானேன்னு மதீனாவுல உக்காந்து பயந்தாரு உமரு. அவருக்கு எத்தனை நாடு! எனக்கு ஒரு பள்ளிவாசல், ஒரு கடிகாரம். அதைக்கூட நான் பாக்கல."

நீங்களே தொடர்ந்தீர்கள். "அவரு காலத்துலயும் இது நடந்திருக்கு. மேகம் மூடின நாளு, பொழுது போயிடுச்சுன்னு நோன்பு திறந்துட்டாங்க, அப்புறம் சூரியன் தெரிஞ்சுது. இது லேசான காரியந்தான், நமக்குத் தெரிஞ்ச மட்டும் பார்த்துத்தானே செஞ்சோம்னு சொன்னாராம். பெருநாள் கழிச்சு நாம எல்லாரும் இதுக்குப் பதிலா ஒரு நாள் களா நோன்பு வெச்சிடுவோம். நானும் வெக்கிறேன்." வானமும் பூமியும் நடுங்கும் என்று நான் நினைத்திருந்த காரியம் நாலு வார்த்தையில் ஒரு நாள் நோன்பாகச் சுருங்கிவிட்டது.

மறுநாளே கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு நாம் இருவரும் ஸ்ரீரங்கம் போனோம். சித்திரை வீதி ஐயங்கார் பின்கதவைத் திறந்தார், எதையோ திருகினார், அது டக் டக் என்று ஓடத் தொடங்கியது. "ரிப்பேர் ஒண்ணும் இல்லே, பாய். சாவி கொடுக்கலே, நின்னுடுத்து. அவ்வளவுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முன்னால் சாவி கொடுப்பது என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை கூரை ஒழுகிப் பாய்களைச் சுருட்டுகிற அவசரத்தில் மறந்திருக்கிறேன். மழைமேல் பழியைப் போட்டு, அதை நானே நம்பியும் இருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. என்னை உட்காரச் சொல்லி மடியில் கடிகாரத்தை வைத்துவிட்டு நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் எழப் பார்த்தேன். "உக்காருங்க மச்சான். ஒட்டகம் ஒண்ணு, ஆளு ரெண்டு. மாறி மாறி ஏறி வந்ததுல, ஜெருசலேம் வந்தப்ப பணியாளு முறை, பணியாளு மேல உக்காந்திருந்தாரு, கலீஃபா கயித்தைப் பிடிச்சு நடந்தாரு. இது காவேரிப் பாலம்தானே" என்று சிரித்தீர்கள். நான் ஜமாஅத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றபோது மட்டும் சிரிப்பு நின்றது. "சாவி கொடுத்தாங்களான்னு பாக்க வேண்டியவனும் நான்தான். இப்ப சொன்னா உங்களை நிக்க விட மாட்டாங்க" என்றீர்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பெருநாள் கழிந்து தெருவே ஒரு நாள் நோன்பு வைத்தது. நீங்களும் வைத்தீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த பத்தாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதன் பிறகும் ராவுத்தர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், "மண்டிக்காரருக்கு மண்டிதான் பெருசு. அதனால ஒரு நோன்பு போச்சு" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு வருஷம் அப்படி நின்றேன் மச்சான்.

நாலு நாள் முன்பு உங்கள் வீட்டில் மச்சிக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். போன வருஷக் கதை வந்தது. மச்சி சொன்னதைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கு அவரு நோன்பு முறியவே இல்லீங்க. எல்லாருக்கும் ஊத்தி முடிச்சாத்தானே அவரு வாயில வெப்பாரு? நீங்க ஓடி வந்தப்ப கையில அகப்பைதான் இருந்துச்சாம்."

"அப்ப ஏன் மச்சி களா வெச்சாரு?"

"நானும் கேட்டேன். தெரு பூரா பட்டினி கிடக்கையில நான் மட்டும் எப்படித் திங்கிறதுன்னாரு."

அரபு நாட்டில் பஞ்சம் வந்த வருஷத்தை நீங்கள் சொல்லும்போது ஏன் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் கறியும் வேண்டாம் என்று எண்ணெயும் ரொட்டியுமாகத் தின்று, சிவந்த மேனி கறுத்துப்போன கலீஃபா அவர். பன்னிரண்டு வருஷமாக அவரை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். அவர் நம் பாலக்கரையில் கஞ்சி ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

இந்த வருஷம் உங்கள் இடத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அதிகம் கேட்டவன் நான்தானாம். நேற்று எழுந்து நின்றேன். உமர் (ரலி) பேரைச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் கடிகாரத்தைச் சொன்னேன், ஐயங்கார் சொன்னதைச் சொன்னேன், உங்கள் முறியாத நோன்பைச் சொன்னேன். "மோதினாரை மாத்தணும்னா மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். அவர் தடியை ஊன்றி எழுந்து என் முன்னால் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தனை மாசமா மவுத்தானவரைத் திட்டிக்கிட்டு இருந்தேனே மோதினாரே. அதை இப்ப நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அதனால்தான் இந்தக் கடிதம். தன் பேரையும் இதில் சேர்த்து எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். எங்கள் இருவரையும் மன்னித்துவிடுங்கள்.

பெருநாள் முடிந்ததும், நீங்கள் எங்களுக்காக வைத்தது போல, அவரும் நானும் ஒரு நாள் நோன்பு வைப்போம். அன்று அஸருக்குப் பிறகு அவரைக் கைபிடித்து உங்கள் கப்றுக்குக் கூட்டி வருவேன். இனி என் தப்பை நீங்கள் சுமக்க விடமாட்டேன், மச்சான்.

உங்கள் தங்கை ஜுலைகாவைக் கட்டிய மச்சான்,
பாலக்கரைப் பள்ளிவாசல் மோதினார்